துணியை அவிழ்ப்பது யார் கை?

இரவு ஷிப்டு முடித்துவிட்டு வந்த தம்பி ஒருவன், சிப்காட் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து செல்போனில் ஒரு கடற்கரையைக் காட்டினான். எங்கள் தேர்வாய் கண்டிகைக் காலனிப் பையன்தான். எனக்குச் சித்தப்பா மகன் முறை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறான். அவன் மனசு ஆணை நாடுகிற மனசு என்பது மூன்று வருஷமாக எனக்குத் தெரியும். வீட்டுக்குத் தெரியாது.

"சிபோலிதேன்னு பேருண்ணா. மெக்சிகோ தேசம். அங்க துணி போட்டுக்கினும் இருக்கலாம், போடாமயும் இருக்கலாம். யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க. ரெண்டு ஆம்பள கை கோத்துக்கினு போனாகூட யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

மெக்சிகோவின் ஒவாஹாக்கா மாநிலத்தில், பசிபிக் கடலோரத்தில் இருக்கிற மீன்பிடி ஊர் அது. 1970களில் ஹிப்பிகள் வந்து தங்கிப் பெயர் பெற்றது. 2016இலிருந்து கரையில் அம்மணமாக இருப்பதற்கு அனுமதி உண்டு. தன்பாலீர்ப்புடையவர்கள் பயமில்லாமல் போய்வருகிற இடம். அந்த மாநிலத்துப் பூர்வகுடிகளான சபோதெக் மக்களிடம் 'முஷே' என்று ஆணுமல்லாத பெண்ணுமல்லாத ஒரு பிரிவினர் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறார்கள்.

மெக்சிகோ போகக் காசு யாரிடம் இருக்கிறது? அதனால் பேச்சு கோவாவுக்கு வந்தது. தம்பி, அவனுடைய சிநேகிதன், கும்மிடிப்பூண்டியில் இருக்கிற திருநங்கை அக்கா ஒருவர், துணைக்கு நான். ரயில் டிக்கெட் போடுவதும் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துச் சொல்வதும் என் வேலையாம். படித்தவன் அல்லவா.

நான் சட்டென்று சொன்னேன்: "நம்ம பாட்டனும் பூட்டியும் மேல ஒரு துணி போட்டுக்க அடி வாங்கினாங்க. நீ காசு குடுத்துப் போய் அவுக்கப் போறியா?"

அவன் கோபப்படவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "அவங்க போட்டுக்கினதும் அவங்க இஷ்டத்துக்குத்தானேண்ணா? நான் அவுக்கறதும் என் இஷ்டத்துக்குத்தான். உனக்குக் கோவம் துணி மேலயா, இஷ்டம் மேலயா?"

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. பதிலைத் தேடிப் பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இது அந்த நாலு பேருடைய பயண விவகாரம் மட்டுமல்ல. மானம் என்று எதைச் சொல்கிறோம் என்கிற விவகாரம்.

முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது லேசான நியாயமல்ல. தெற்குத் திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக 1820களில் தொடங்கி 1859 வரை சண்டை நடந்தது. 1859 ஜூலையில் அரசர் உத்தரவு போட்டார். அதிலும் ஒரு சூது இருந்தது: சாணார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் மூடக்கூடாது. அதாவது, மறைக்கலாம், ஆனால் மறைக்கிற விதத்திலேயே சாதி தெரிய வேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகளைப் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது, சட்டை பனியன் கூடாது, பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக்கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1963இல் மகாராஷ்டிரத்துச் சிரஸ்காவ்ன் கிராமத்தில் தலித் பெண்களை நிர்வாணமாக்கி ஊர்வலம் விட்டார்கள்.

1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்து இடுப்புத்துணிக்கு மாறினார். அவரை இன்னும் பெரிய மகாத்மா என்றார்கள். அம்பேத்கரோ கோட்டும் சூட்டும் போட்டார். 1927 டிசம்பர் மகத் மாநாட்டில் பெண்களிடம், சாதியை அடையாளம் காட்டுகிற உடையை விட்டுவிடுங்கள், புடவையைத் தழையக் கட்டுங்கள் என்று பேசினார். பெட்டி நிறையத் துணி வைத்திருப்பவன் களைந்தால் அது துறவு. வைத்துக்கொள்ளவே விடப்படாதவன் களைந்தால் அதற்குப் பெயர் என்ன?

இந்தக் கேள்வியோடு கட்டுரையை முடித்திருப்பேன், ஆயாவின் ஞாபகம் வராமல் இருந்திருந்தால்.

என் ஆயா சாகும்வரை ரவிக்கை போட்டதில்லை. சின்ன வயதில் அவளோடு ஏரிக்குப் போவேன். இன்று அந்த ஏரியையும் கண்ணன்கோட்டை ஏரியையும் இணைத்து நீர்த்தேக்கமாக்கிவிட்டார்கள், 2020 நவம்பரில் திறந்தார்கள். அன்றைக்கு அது எங்கள் ஏரி. கரைக்குப் பின்னால் புதர்க்காடு, மேய்க்கால். காலனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் துணியைக் கரையில் போட்டுவிட்டு இறங்குவார்கள். என்ன சிரிப்பு, என்ன கெட்ட வார்த்தை! ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்ப்பாள். பிள்ளை பெற்ற வயிற்றைக் காட்டிக் கேலி பேசுவார்கள். ஆயாவின் உடம்பில் வெட்கம் என்று ஒன்றை நான் அங்கே பார்த்ததே இல்லை.

அதே ஆயா கூலி வாங்க ஊர்த்தெருவுக்குப் போகும்போது முந்தானையை இழுத்து இழுத்து மூடுவாள். தோள் கூனிவிடும். என் நைனா தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். அப்போது யாரும் அவரை மிரட்டியதாக ஞாபகமில்லை. மிரட்டல் அவர் அப்பன் காலத்திலேயே முடிந்துவிட்டது. கை மட்டும் தானாகப் போயிற்று.

ஏரியில் துணியே இல்லை, மானம் இருந்தது. தெருவில் துணி இருந்தது, மானம் போயிற்று. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தும், மானம் என்றால் துணி என்று தம்பியிடம் பேசியிருக்கிறேன்.

ஆக, நம் முன்னோர்கள் போராடியது துணிக்காக என்று சொல்வது பாதிதான் உண்மை. என் உடம்பில் எது இருக்க வேண்டும், எது இருக்கக்கூடாது என்பதை நீ சொல்லாதே என்றுதான் போராடினார்கள். அப்படியானால் தோள்சீலை போட்டவளும், கடற்கரையில் சட்டையைக் கழற்ற நினைக்கிறவனும் எதிரெதிர் ஆட்களல்ல. இருவர் கேட்பதும் ஒன்றுதான்.

நம் நாட்டுச் சட்டத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அம்மணத்தைப் பற்றி இரண்டு விதமான சட்டம் உண்டு. ஒன்று பொது இடத்தில் ஆபாசம் என்கிற சட்டம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 294, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 296. மூன்று மாதம் வரை சிறை. தன் துணியைத் தானே களைபவன் மேல் பாய்வது இது. இன்னொன்று 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினரின் துணியைப் பலவந்தமாக உருவுவதும் அவர்களை நிர்வாணமாக நடத்திச் செல்வதும் அதன் 3ஆம் பிரிவில் குற்றம். முதல் சட்டம் உடம்பு தெரிகிறதா என்று மட்டும் பார்க்கிறது. இரண்டாவது சட்டம் யார் கை அவிழ்த்தது என்று கேட்கிறது. அறம் இரண்டாவது சட்டத்தின் கேள்வியில்தான் இருக்கிறது. நம்மவர்கள் பட்ட பாட்டிலிருந்து பிறந்த சட்டம் என்பதால்தான் அந்தக் கேள்வி அதற்குத் தெரிந்திருக்கிறது.

முதல் சட்டமும் எல்லோர் மேலும் ஒரே மாதிரி பாய்வதில்லை. கும்பமேளாவில் நாகா சாமியார்கள் ஆயிரக்கணக்கில் நிர்வாணமாக நடக்கிறார்கள், போலீஸ் பாதுகாப்பு கொடுக்கிறது. 2020 நவம்பரில் கோவாக் கடற்கரையில் நிர்வாணமாக ஓடிய படத்தை நடிகர் மிலிந்த் சோமன் வெளியிட்டார். அவர் மேல் வழக்கு பதிவானது. அதே வாரம் அதே கோவாவில் ஆபாசமாகப் படம் எடுத்ததாக நடிகை பூனம் பாண்டேயைக் கைதே செய்தார்கள், பிறகு ஜாமீன். சாமியாருக்குப் பாதுகாப்பு, ஆணுக்கு வழக்கு, பெண்ணுக்குக் கைது. கான்ட்ராக்ட் தொழிலாளியான ஒரு காலனிப் பையனுக்கு என்ன கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் தம்பியிடம் சொன்னேன்: கோவாவில் அது சட்டப்படி முடியாது, அந்த ஆசையை விடு. "சரி, துணியோடயே போவோம். கை கோத்துக்கினு உக்காந்தா போதும்" என்றான். 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் 377ஆம் பிரிவிலிருந்து அவனை விடுவித்துவிட்டது. அதற்கு முன்பே 2014இல் திருநர்களின் பாலின அடையாளத்தை அங்கீகரித்துவிட்டது. கை கோத்து உட்கார எந்தச் சட்டமும் தடையில்லை.

பிரச்சனை லாட்ஜில் வந்தது. ரூம் போட நாலு பேருடைய ஆதார் கார்டும் வேண்டும். தம்பி தன் கார்டை எடுத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். முகவரியில் 'காலனி' என்று இருந்தது. 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அவன் கார்டில் அது அப்படியே இருந்தது. அக்காவின் கார்டில் பழைய ஆண் பெயர், பழைய போட்டோ. "கவுன்ட்டர்ல இத நீட்டுறப்பவே நம்மள அவுத்துப் பாத்துடுவான்டா, அப்புறம் பீச்ல போய் இன்னாத்த அவுக்கறது?" என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'விருப்பப்பட்டால் உடுத்தலாம்' என்கிற ஊரில் விருப்பம் என்பது சும்மா கிடைப்பதல்ல. அதற்குக் காசு வேண்டும், லீவு வேண்டும், கேள்வி கேட்கப்படாத பெயர் வேண்டும். தன்பாலீர்ப்பாளர்களிடமும் சாதி இல்லாமலில்லை. 2015இல் மும்பைப் பத்திரிகை ஒன்றில் ஒரு தாய் தன் மகனுக்கு மணமகன் தேடி விளம்பரம் கொடுத்தார். நாடே பாராட்டியது. அதில் அய்யர் சாதிக்கு முன்னுரிமை என்றும் இருந்தது. உடம்பை விடுதலை செய்தவர்கள் சாதியை மட்டும் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் திருநர்களுக்குச் சாதிவாரியான உள்ளடங்கிய இடஒதுக்கீடு வேண்டும் என்று கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கைத் தோழர்கள் வருஷக்கணக்கில் கேட்கிறார்கள்.

ஆனால் இதைக் காட்டி, "இதெல்லாம் மேட்டுக்குடிச் சமாச்சாரம்" என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. கூவாகத்துக்குச் சித்திரை மாதம் வந்து சேர்கிறவர்கள் மேட்டுக்குடியா? தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழுது, அந்தச் சில நாளாவது தானாக இருப்பதற்காக பஸ் ஏறி வருகிறார்களே, அதுவும் இப்படியொரு பயணம்தான். சாமி பெயரைச் சொல்லாமல் போக அவர்களுக்கு ஓர் ஊர் இதுவரை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தோழர்களே, நம் மேடைகளையும் கொஞ்சம் யோசியுங்கள். சாதி மறுப்புத் திருமணத்துக்கு ஓடிப்போய் நிற்கிறோம். நம் காலனியிலேயே இரண்டு பையன்கள் சேர்ந்து வாழ்ந்தால் "இயக்கத்துக்குக் கெட்ட பேர்" என்கிறோம். யாரிடம் கெட்ட பேர்? நைனா துண்டை இடுப்பில் கட்ட வைத்த அதே ஊர்த்தெருவிடம்தானே? அவர்களுடைய ஒழுக்கத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு அதைத் தன்மானம் என்று சொல்லிக்கொள்கிறோம். அம்பேத்கர் தழையக் கட்டச் சொன்னது அடிமை அடையாளத்தைக் களைவதற்கு. மேல்சாதிக் கண்ணுக்குக் காலமெல்லாம் அடக்கமாகத் தெரிவதற்கல்ல.

கோவா பயணம் நடக்கவில்லை. காசும் லீவும் ஒத்துவரவில்லை. ஒரு வாரநாளில் பொன்னேரி போய், பஸ் மாறி, நாலு பேரும் பழவேற்காட்டுக்குப் போனோம். பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் பக்கம் கரையில் ஆளில்லை. தூரத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அக்கா புடவையோடு அலையில் உட்கார்ந்தார். தம்பி சட்டையையும் பனியனையும் கழற்றி மடித்து என் மடியில் வைத்துவிட்டு, சிநேகிதன் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனான். ஏரியில் ஆயாவிடம் கேட்ட அதே சிரிப்பு.

"நீயும் கழட்டிட்டு வாண்ணா" என்றான்.

நான் கழற்றவில்லை. வெயில் என்றேன். உண்மை அதுவல்ல. சட்டையில்லாமல் நாலு பேர் பார்க்க நிற்பது என்றால் எனக்கு நைனாவின் துண்டு ஞாபகம் வருகிறது. அது என் விருப்பமா, இல்லை என் கையும் தானாகப் போகிறதா? அவன் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில்தான் என்னிடம் இருக்கிறது. மீதியை, அடுத்த முறை போகும்போது, என் சட்டைப் பொத்தானில் கை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.