திருப்பியனுப்பும் உரிமை

பொருளை வாங்கியவருக்கு மனம் மாறும் உரிமை உண்டா? உண்டு என்பதே மார்க்கத்தின் விடை. பேரம் நடந்த இடத்தைவிட்டுப் பிரியும்வரை விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் அவ்வுரிமை உண்டெனப் பெருமானார் (ஸல்) அறிவித்ததைப் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிந்துள்ளன. சட்ட மேதைகள் இதனைக் ‘கியார்’ என்பர். குறைகண்ட பொருளைத் திருப்பவும் விதி உண்டு. காணாது வாங்கியதைக் கண்டபின் மறுக்க ஹனஃபீ மத்ஹபில் இடமுண்டு. குறையேதும் இல்லாதபோதும், வாங்கியதற்கு வருந்தி வருபவரிடம் பொருளைத் திரும்பப் பெறுவது ‘இகாலா’. அவ்வாறு இரங்கும் வணிகரின் பிழையை இறைவன் பொறுப்பான் என்பது நபிமொழியின் கருத்து.

ஆகவே, கைபேசியில் படம் பார்த்து வாங்கும் இக்காலத்தில் திருப்பியனுப்பும் வசதி நியாயமானதே. நம் வினா வேறிடத்தில் இருக்கிறது.

சென்ற பெருநாளுக்கு முன், அத்திப்பட்டில் எங்கள் வீட்டிலேயே ஒரு சட்டையை மூன்று அளவுகளில் வரவழைத்தோம். இரண்டைத் திருப்புவதென்று முன்பே முடிவு. “நிறுவனமே அனுமதிக்கிறதே, அத்தா!” என்றான் மகன். அவன் சொல் தவறன்று, ஆயினும் முழுமையன்று. நிறுவனம் தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். பிறர் உரிமையை விட்டுக்கொடுக்க அதற்கு ஏது அதிகாரம்?

பொட்டலம் கொண்டுவந்த இளைஞர் நோன்பாளி. வீடு பூட்டிக் கிடந்தால் அந்த நடைக்குத் தமக்குக் கூலியில்லை, பெட்ரோலும் தம் செலவே என்றார். இத்தகைய தொழிலாளர்க்கெனத் தமிழக அரசு 2023இல் தனி நலவாரியம் அமைத்தது. அது அரசின் கடமை; நம் கடமை நம் வாசலில் நிற்கிறது.

இன்னொன்று: அனல்மின் நிலையத்தின் சாம்பலும், துறைமுகத்துக்கு ஓடும் கன்டெய்னர் லாரிகளின் புகையும் முன்பே சூழ்ந்த ஊர் இது. வீணாக ஓடும் வண்டியும் அதே காற்றில்தான் புகை கக்குகிறது. அதைச் சுவாசிக்கும் குழந்தை நம் ஒப்பந்தம் எதிலும் பங்காளியன்று.

இகாலா, வருந்துபவருக்கான சலுகை. வாங்கும்போதே திருப்பத் திட்டமிட்டவர் எதற்காக வருந்துகிறார்? ஒருமுறை உடுத்திப் பெருநாள் கொண்டாடிவிட்டுப் புதிதெனத் திருப்புவதோ வெளிப்படையான மோசடி.

குறையுள்ள பொருளைத் தயங்காது திருப்புங்கள். ஆனால், அளவெடுத்து ஒன்றையே வாங்குவதும், பலவற்றை ஒரே தவணையில் வரவழைப்பதும், சொன்ன நேரத்தில் வீட்டில் இருப்பதும் நமக்கு அரிய செயல்களா?

பெறும்போது நிறைத்து அளந்து, கொடுக்கும்போது குறைப்போரைத் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் கண்டிக்கிறது. நம் வசதியை நிறைத்தும் பிறர் உழைப்பைக் குறைத்தும் அளப்பதும் அந்தத் தராசில்தான் ஏறும் என அஞ்சுகிறேன். வல்ல இறைவன் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக!