கணக்கில் வராத தேனீ

பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வந்த பிள்ளை குடியிருக்கும் மலை பழனி. நாரதர் கொண்டுவந்த ஞானப்பழம் அண்ணனுக்குப் போய்விட்டது. மயிலேறி உலகைச் சுற்றிவந்த தம்பி, கோவணமும் தண்டமுமாக இந்தக் குன்றில் வந்து நின்றுவிட்டார் என்பது கதை. அங்கிருந்து திண்டுக்கல் சாலையில் சில கிலோமீட்டர் கிழக்கே வந்தால் ஆயக்குடி. பழத்தால் துறவியான தெய்வத்தின் காலடியில், பழத்தை நம்பிப் பிழைக்கும் ஊர்.

இருள் பிரியும்போதே கொய்யாத் தோட்டங்களில் பறிப்பு தொடங்கிவிடும். காம்பும் ஓரிரு இலையுமாகப் பறித்த காய்கள் பெட்டிகளில் நிரம்பி, மொபெட்டிலும் ஆட்டோவிலும் கமிஷன் கடைகளுக்கு வந்து சேரும். வெயில் ஏறுவதற்குள் விலை முடிந்தாக வேண்டும், கொய்யா காத்திருக்காது. வரத்து பெருகினால் பறிப்புக் கூலிக்கே கட்டாமல் போகும். ஊருக்கு ஒரு பழச்சாறு ஆலை வேண்டும் என்று விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டுவருவது இதனால்தான்.

படித்துவிட்டு ஊர் திரும்பும் ஒருவர் அந்த ஆலையைச் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் தொடங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூரையில் சோலார் தகடு போடு, பிளாஸ்டிக்கைத் தவிர், சான்றிதழ் வாங்கு என்று நாலுபேர் நாலு யோசனை சொல்வார்கள். எல்லாமே தேவையான யோசனைகள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்கும் கேள்வி பழையது, கடினமானது. மண்ணிலிருந்து எடுத்து விற்றுப் பெறும் லாபம் எதுவரை அறமாக இருக்கிறது? எடுத்தவன் யாருக்குக் கடன்பட்டிருக்கிறான்?

ஒரே ஒரு காயை எடுத்துக்கொள்ளலாம். தைவான் பிங்க் ரகம் வைத்த தோட்டங்களில், எலுமிச்சை அளவுக்குப் பிஞ்சு வளர்ந்ததும் அதற்கு வெள்ளை நுரை வலையை மாட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைக் கட்டிவிடுகிறார்கள். பழ ஈ முட்டையிட முடியாது, மருந்தடிப்பு குறைகிறது, தோலில் வடு விழுவதில்லை. சாப்பிடுகிறவருக்கும் மண்ணுக்கும் விஷம் குறைகிறது. ஆனால் அறுவடை முடிந்ததும் மரத்தடியில் காய்க்கு ஒன்றாக அத்தனை வலையும் உறையும் கிடக்கின்றன. ஒரு நன்மை இன்னொரு தீமையைக் கையில் பிடித்துக்கொண்டே வருகிறது. பசுமை என்ற முத்திரையை ஒட்டிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை.

இதே சிக்கலை வாழ்நாள் முழுவதும் பிடித்துக்கொண்டிருந்த தமிழர் ஜே.சி.குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் துறையில் தேறி, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தி, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். 1929-இல் காந்தியைச் சந்தித்தபின் அவர் வாழ்க்கை திசைமாறியது. 1934-இல் தொடங்கப்பட்ட அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் பொறுப்பை ஏற்று வார்தாவில் உழைத்தார். கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டியில் உள்ள காந்திநிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960-இல் மறைந்தார்.

ஜபல்பூர் சிறையில் இருந்தபோது அவர் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று யேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. ஒரே சிறைவாசத்தில் பிறந்த இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தான் வேண்டும். அவருக்குச் சந்தைக்கு ஒரு மனசாட்சி, தேவாலயத்துக்கு ஒரு மனசாட்சி என்று இரண்டு கிடையாது. வரவு செலவைச் சரிபார்க்கக் கற்றவர், பேரேட்டில் எழுதாமல் விட்ட செலவு எது என்று தேடினார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி, தான் வைக்காத மரத்தின் பழத்தைப் பறித்துப்போகும் குரங்கு, உழைத்துக் கூடு கட்டும் பறவை, கூட்டத்துக்காகச் சேர்க்கும் தேனீ, பலன் கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை என்று மனிதரின் பொருளீட்டலை ஐந்து படிகளாக வைத்துக் காட்டினார். தீர்ந்துபோகும் நிலக்கரியையும் எண்ணெயையும் ஒரு பக்கமும், வற்றாமல் ஊறிவரும் இயற்கை வளங்களை இன்னொரு பக்கமும் நிறுத்தி, முன்னதை நம்பிய வாழ்வு சண்டையில்தான் போய் முடியும் என்று எச்சரித்தார். 1945-லேயே!

குமரப்பாவின் தேனீயை ஆயக்குடியில் நேரிலேயே பார்க்கலாம். கொய்யாப் பூவின் வெள்ளை இதழ்களுக்கு நடுவே நூறு நூறாக மகரந்தக் கம்பிகள் சிலிர்த்து நிற்கும். காலை நேரத்தில் அதில் வந்து இறங்கும் தேனீ உடம்பெல்லாம் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. அது தன் கூட்டுக்குத்தான் இரை தேடுகிறது, தொண்டு செய்ய வரவில்லை. ஆனாலும் அது வந்துபோன பூவில் காய் நன்றாகப் பிடிக்கிறது. எடுத்த இடத்தைச் செழிக்கவைத்துவிட்டுப் போகிறது. பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் சீட்டில் ஏறுகின்றன. தேனீக்கு அதில் ஒரு வரி கிடையாது. பூக்கும் பருவத்தில் காலையில் மருந்தடித்து அதைக் கொன்றாலும் அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது.

எழுதாமல் விட்ட செலவு எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்குச் சான்று பழனி மலைத்தொடரின் மேலேயே இருக்கிறது. கொடைக்கானலில் 1980-களில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை வந்தது. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆலை அது. பின்னாளில் ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. தெர்மாமீட்டரைவிட நல்ல சரக்கு எது? காய்ச்சல் கண்ட குழந்தையின் நாவடியில் வைப்பது. ஆனால் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தது. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. அதன் நீர் மலையிறங்கிச் சமவெளிக்குப் போகிறது. ஊர்மக்களும் சூழல் அமைப்புகளும் இதை வெளிக்கொண்டுவந்ததும் 2001-இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆனது. விற்கும் பொருள் நல்லது என்பதாலேயே தொழில் நல்லதாகிவிடாது என்பதற்கு இந்த மலைக்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

இனி பஞ்சாமிர்தம். பழனிக் கோயில் பிரசாதத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் ஆகியவற்றோடு பேரீச்சையும் கற்கண்டும் சேரும். தண்ணீர் சேர்ப்பதில்லை. அதன் ஆதாரம் விருப்பாச்சி மலைவாழை. ஈரப்பதம் குறைந்த பழம் என்பதால் பஞ்சாமிர்தம் எளிதில் கெடுவதில்லை. பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் காப்பிச் செடிகளுக்கு நடுவே நிழல் தந்து வளரும் வாழை இது. 1970-களுக்குப் பிறகு முடிக்கொத்து நோய் இதைச் சூறையாடியது. சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த சாகுபடி ஏறக்குறைய 2,000 ஹெக்டேருக்குச் சுருங்கியது என்பார்கள். தண்டாயுதபாணிக்குப் படைக்கும் பொருளே அருகிப்போனது.

அந்த நோய் வரும் வழியில் ஒரு அறக்கேள்வி இருக்கிறது. அசுவினிப் பூச்சி அதைப் பரப்புகிறது. அதைவிட வேகமாகப் பரப்பியது மனிதன் தோளில் சுமந்துபோன பக்கக்கன்று. நோய் கண்ட வாழையின் புது இலைகள் விரியாமல் குட்டையாக, நெட்டுக்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி நிற்கும். அதைக் கண்டவர் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். அதுவரை போட்ட உழைப்பெல்லாம் போய்விடும். அழிக்காவிட்டால் அவருக்கு நாளைக்கே பெரிய நட்டம் வராது, பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் வரும். நன்றாகத் தெரியும் ஒரு கன்றை அதிலிருந்து பெயர்த்து விற்றாலும் கேட்பாரில்லை. மண்வெட்டியோடு அந்த வாழைக்கு முன்னால் நிற்பவரைப் பார்க்கச் சட்டமும் வராது, கோயிலும் வராது. நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகள் வந்தபின் மலைவாழை மெல்லத் துளிர்த்திருக்கிறது. ஆனால் அந்தக் கன்றும் பக்கத்துத் தோட்டக்காரரின் மண்வெட்டியை நம்பியே நிற்கிறது.

வணிகனை வள்ளலாக மாறச் சொல்வது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லாபமில்லாத தொழில் ஒரு வருடம்கூட நிற்காது, அதை நம்பிய கூலிக்காரரும் தெருவுக்கு வருவார். தமிழ் மரபும் வணிகனிடம் துறவைக் கேட்கவில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும் பட்டினப்பாலை, கொள்வதிலும் கொடுப்பதிலும் அவர்கள் நடுநிலை தவறாததையே பெருமையாகச் சொல்கிறது. ஆனால் அந்தத் தராசில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், வாங்குபவரும் விற்பவரும். மூன்றாம் ஆளுக்கு அங்கே இடமில்லை. மண், தேனீ, ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர், இன்னும் பிறக்காத பிள்ளை. இவர்களுக்கு விலை பேச வாயில்லை.

அந்த மூன்றாம் ஆளைக் கண்ட ஒருவன் இதே மலையை ஆண்டவன். ஆவியர் குடியில் வந்த பேகன், மழையில் ஆடிய மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணிப் போர்வையைக் கொடுத்தான். மயில் போர்த்திக்கொள்ளாது என்று அறிந்தும் கொடுத்தான். அதை அறியாமைக் கொடை என்று சொல்வோர் உண்டு. ஆனால் கேட்கத் தெரியாத உயிரின் தேவையைத் தன் கடனாக எண்ணியதில்தான் அவன் நமக்கு வேண்டியவனாகிறான். இன்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மயில் காயைக் கொத்துகிறது, விவசாயி அதைத் திட்டுகிறார். அவர் திட்டுவதிலும் நியாயம் இருக்கிறது. காட்டைச் சுருக்கிய எல்லோரும் சேர்ந்து பேகனின் மனத்தைக் காட்ட வேண்டியிருக்க, கடைசியில் விவசாயியின் தலையில் மட்டும் அது விழுகிறது.

ஆலை தொடங்க நினைத்தவர் இப்போது தன் நோட்டில் சில வரிகளைக் கூடுதலாக எழுதவேண்டியிருக்கும். கூழ் எடுத்தபின் மிஞ்சும் விதையும் சக்கையும் மாட்டுக்கா, உரக்குழிக்கா? வரதமாநதி அணைத் தண்ணீரை நம்பியிருக்கும் பாசனத்துக்கு நடுவே ஆலைக்கு எவ்வளவு தண்ணீர்? கழுவிய நீர் எங்கே போகும்? காய்க்குப் போட்ட உறைகளைத் திரும்ப வாங்க யார், என்ன விலைக்கு? வரத்து பெருகும் நாளில் சந்தை விலைக்குக் கீழே வாங்க வழி இருந்தும் வாங்காமல் இருக்க முடியுமா?

அதற்கும் முன்னால் நாற்று இருக்கிறது. கொய்யாவின் வேரில் முடிச்சுப்போட்டு மரத்தையே வாடவைக்கும் நூற்புழு, திண்டுக்கல் மாவட்டத் தோட்டங்களுக்கும் வந்துவிட்டது. நாற்றுப் பையின் மண்ணோடு அது ஊர் ஊராகப் பயணம் செய்கிறது. மேலே பார்த்தால் இலை பச்சையாகத்தான் இருக்கும். பையைக் கிழித்து, மண்ணை உதறி, வேரை வெளிச்சத்தில் பிடித்தால் முடிச்சு தெரிந்துவிடும். வாங்குபவர் கேட்கும் முன்பே நாற்றுக்காரர் ஒரு பையைக் கிழித்துக் காட்டுகிறாரா?