கள்ளப் பிரதியும் கர்மபலனும்

1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘எர்த்பௌண்ட்’ என்னும் வீடியோ விளையாட்டு, தன் கதைச் சுவைக்காக மட்டுமன்றி, தன்னைக் களவாகப் பிரதி செய்து ஆடுவோருக்கு அது விதித்து வைத்திருந்த விசித்திரமான தண்டனைக்காகவும் இன்றளவும் பேசப்படுகிறது. சூப்பர் நின்டெண்டோ இயந்திரத்தில் செருகிய கேட்ரிட்ஜ் அசலானதுதானா என்பதை நிரலே சோதித்துப் பார்க்கும். முதற் சோதனையில் அகப்பட்டவனுக்கு எச்சரிக்கைத் திரை ஒன்று தோன்றி ஆட்டம் நின்றுவிடும். அந்தச் சோதனையைக் கத்தரித்து எறிந்துவிட்டு உள்ளே புகுந்தவனுக்கோ, வழியெங்கும் பகைவர் கூட்டம் இயல்புக்கு மீறிப் பெருகியிருக்கும். அதையும் பொறுத்துக்கொண்டு பல நாள் முயன்று இறுதிப் போர்வரை அவன் வந்து சேர்ந்தானாயின், வெற்றி கைக்கெட்டும் தருணத்தில் ஆட்டம் உறைந்துபோகும். மறுபடி தொடங்கிப் பார்த்தால், சேமித்து வைத்திருந்த முன்னேற்றம் அத்தனையும் அழிந்திருக்கும்.

வினைப்பயன் தப்பாது என்று சாஸ்திரங்கள் சொல்லக் கேட்டும், உலகில் அயோக்கியர் சுகித்திருப்பதைக் கண்டும் மனம் குழம்பிய எவருக்கும், ஒரு சின்னஞ்சிறு பிரபஞ்சத்திலாவது நியாயம் பிழையின்றி நடக்கிறதே என்னும் திருப்தி இதைக் கேட்டவுடன் உண்டாகும். அந்தப் பிரபஞ்சத்துக்கு நிரல் எழுதியவனே ஈசுவரன். அவன் வகுத்த விதிக்கு மேல் அங்கே விதியில்லை. வினை சஞ்சிதமாகக் கிடந்து, பக்குவ காலத்தில் பலனாக வந்து நிற்கிறது. ஆனால் பலன் ஏன் தாமதித்து வருகிறது என்ற காரணத்தை விசாரிக்கப் புகுந்தால், அந்தத் திருப்தி சற்றுக் குறையவே செய்கிறது.

பூட்டை உடைத்துப் பிரதியைப் பரப்புகிறவன், தன் வேலை முடிந்ததா என்று பார்க்க முதற் சில நிமிஷங்கள் ஆடிப் பார்ப்பான். தண்டனை வாசலிலேயே இருந்தால் உடனே கண்டுபிடித்து அகற்றிவிடுவான். அது ஆட்டத்தின் ஆழத்தில் ஒளிந்திருந்தால், முழுதும் ஆடித் தீர்த்தாலன்றி அவனுக்குத் தெரியவராது. 2000-ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘ஸ்பைரோ: இயர் ஆஃப் தி டிராகன்’ என்னும் விளையாட்டை இயற்றிய இன்சோம்னியாக் நிறுவனத்தார் இந்த உபாயத்தை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். இத்தகைய சோதனைகள் பலவற்றை ஒன்றையொன்று காக்கும்படி அவர்கள் பின்னி வைத்ததனால், அதை முற்றாக உடைக்கக் கள்வர்களுக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமாகவே பிடித்தது. பூட்டு நிரந்தரமாக நிலைக்குமென்று அவர்களும் நம்பவில்லை. வெளிவந்த புதிதில்தான் விற்பனையின் பெரும்பகுதி நடக்கிறதாகையால், அதுவரை கள்வனை அலைக்கழித்தால் போதும் என்பதே அவர்கள் கணக்கு. வினை உடனே பலன் தராததற்குத் தத்துவ நூலார் எத்தனையோ சமாதானம் கூறியிருக்கிறார்கள். கள்வனுக்குத் தெரியாமலிருக்க என்ற சமாதானத்தை மட்டும் ஒருவரும் கூறியதாக நான் அறியேன்.

தெரியாமலிருத்தல் என்பதில்தான் இந்த நீதியின் குறையும் இருக்கிறது. 2009-இல் வந்த ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ விளையாட்டின் கள்ளப் பிரதியில், கதாநாயகன் தன் மேலங்கியை விரித்துக் காற்றில் மிதந்து செல்லும் வித்தை மட்டும் பலிக்காது. அது கோளாறு என்று எண்ணி நிறுவனத்தாரிடமே முறையிட்ட ஒருவனுக்கு, கோளாறு விளையாட்டில் இல்லை, உன் ஒழுக்கத்தில்தான் இருக்கிறது என்ற பொருள்பட விடை கிடைத்தது. சாமர்த்தியமான விடைதான். எனினும், முறையிடாமல் மௌனமாய் இருந்தவர்களின் நிலை என்ன? இன்ன செயலுக்கு இன்ன பலன் வந்தது என்று அறியாதவன் படும் துன்பம் அவனைத் திருத்துவதில்லை. அவன் தன்னை நோவதற்குப் பதிலாக, சிருஷ்டி பழுதுடையது என்று சிருஷ்டிகர்த்தனையே நோகிறான். நம்மில் நாஸ்திகம் பேசுவோர் பலருடைய மனோபாவமும் ஏறக்குறைய இதுவேயன்றோ?

இனி, பிரதி செய்தல் களவாகுமா என்ற கேள்வி. களவுக்கு ஐந்து அங்கங்கள் உண்டென்று தேரவாத பௌத்த உரையாசிரியர்கள் வகுத்தார்கள்: பொருள் பிறருடையதாயிருத்தல், அவ்வாறென்று அறிந்திருத்தல், திருடும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் பொருள் அப்புறப்படுதல். பசுவை ஓட்டிச் சென்றால் தொழுவம் வெறுமையாகும். விளையாட்டைப் பிரதி செய்தால் உடையவனிடம் அது இருந்தபடியே இருக்கிறது. ஆகையால் ஐந்தாம் அங்கம் இங்கே இல்லை என்று கள்ளப் பிரதிக்காரனின் வக்கீல் வாதிப்பான். அப்புறப்படுவது பொருளன்று, அதை ஆக்கியவனின் கூலி என்று நாம் பதில் சொல்லலாம். விலை கொடுத்து வாங்கும் உத்தேசமே இல்லாதவன் எந்தக் கூலியை அபகரித்தான் என்று அவன் திரும்பக் கேட்பான். வழக்கு முடியாது. ஆனால் மூன்றாம் அங்கத்தைப் பற்றி இருவருக்கும் வழக்கில்லை. குறளில் ‘கள்ளாமை’ அதிகாரத்துக்கு முன்னுரை வகுக்கும் பரிமேலழகர், கருதுதலும் செய்தலுக்கு ஒப்பானதே என்கிறார். அதே இடத்தில், இல்லறத்தான் தன் சுற்றத்தாரோடு விளையாட்டாக அவர் பொருளைக் கவர்ந்துகொள்வதை மன்னித்தும் விடுகிறார். தமையன் வாங்கியதைத் தம்பி பிரதி செய்துகொள்வதற்கும், முகமறியாத ஆயிரம் பேருக்கு அதை வாரி இறைப்பதற்கும் உள்ள பேதம் எண்ணத்தில் இருக்கிறதேயன்றிச் செயலின் வடிவத்தில் இல்லை.

அந்த எண்ணத்தைத்தான் இயந்திரத்தால் காண முடியாது; அது காண்பதெல்லாம் அடையாளமே. 1990-இல் வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ விளையாட்டோடு அட்டைச் சக்கரம் ஒன்று கொடுத்தார்கள். திரையில் தோன்றும் முகத்தைச் சக்கரத்தில் பொருத்தி, அது காட்டும் ஆண்டை உள்ளிட்டால்தான் ஆட்டம் தொடங்கும். (அந்த முகங்கள் கடற்கொள்ளையருடையவை என்பது ஒரு வேடிக்கை.) அசலை வாங்கிச் சக்கரத்தைத் தொலைத்தவன் கள்வனாகவும், சக்கரத்தைப் பிரதியெடுத்துக்கொண்டவன் யோக்கியனாகவும் அங்கே கருதப்பட்டார்கள். 2010-இல் யூபிசாஃப்ட் நிறுவனம், தன் சில விளையாட்டுகளை ஆடுவதற்கு இடையறாத இணையத் தொடர்பு வேண்டுமென்று விதித்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அதன் சர்வர்கள் செயலிழந்தபோது, முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் வாசலிலேயே நின்றார்கள். அந்தரியாமியாக இல்லாத ஈசுவரன் வாயிற்காவலனாகத்தான் இருக்க முடியும் போலும்.

கள்ளப் பிரதியைத் தண்டிக்க முற்பட்ட நிறுவனத்தாருள் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய க்ளூக் சகோதரர்கள் செய்த காரியம் தனிவகை. விளையாட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி நடத்துவதையே விளையாட்டாக்கிய ‘கேம் டெவ் டைகூன்’ என்பதை 2013-இல் வெளியிட்டபோது, அதன் கள்ளப் பிரதியையும் அவர்களே தயாரித்து டோரன்டில் போட்டார்கள். அதை ஆடுகிறவன் எவ்வளவு நல்ல விளையாட்டை உருவாக்கினாலும், அவனுடைய கற்பனைச் சரக்கைக் கள்வர்கள் பிரதி செய்துகொண்டே போக, கடைசியில் அவன் நிறுவனம் திவாலாகும். முதல் நாள் முடிவில் அசலை ஆடியவர்கள் 214 பேர். மற்றதை ஆடியவர்கள் குறைந்தது 3,104 பேர். இந்த 3,104 பேரும் திருடினார்களா? உடையவனே எடுத்துக்கொள்ளும்படி வைத்த பொருள் அது. ஆயினும் எடுத்தவர்களின் எண்ணம் களவே. களவின்றிக் கள்வர்கள் உண்டான அபூர்வ சந்தர்ப்பம் இதுவாகத்தான் இருக்கும். அவர்களுள் சிலர், என் உழைப்பையெல்லாம் திருடுகிறார்களே என்று மனம் நொந்ததும், திருட்டைத் தடுக்கும் பூட்டை ஆட்டத்துக்குள் ஆராய்ந்து கண்டுபிடிக்க வழியுண்டா என்று கேட்டதும், மற்ற நிறுவனங்களின் தண்டனை எதுவும் சாதிக்காத ஒன்று. ஆனால் அவர்களும் தாம் ஆடுவது தண்டனை என்பதை உணராமலேதான் கேட்டார்கள்.

பின்னர் கைப்பேசிகளுக்காக அதே விளையாட்டை வெளியிட்டபோது, கள்வர்களுக்கென்று சிருஷ்டித்த அந்த நரகத்தை, விரும்புகிறவர்கள் தேர்ந்துகொள்ளக்கூடிய மிகக் கடினமான நிலையாக அசலிலேயே சேர்த்துவிட்டார்கள். இப்போது அதில் புகுந்து அல்லற்படுகிறவர்கள், ஒரு குற்றமும் செய்யாமல் காசு கொடுத்து வாங்கியவர்கள்.