கைகூப்பும் உரிமையும் கைகூப்பாத உரிமையும்

கடவுளை மறுப்பவன், கடவுளை வணங்கும் மாணவனின் உரிமைக்காக வாதாடலாமா? பகுத்தறிவுத் தோழர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி இது. "பள்ளி அறிவை வளர்க்கும் இடம், அங்கே பிரார்த்தனைக்கு என்ன வேலை? தடை போடுக!" என்பர் சிலர். அது ஆத்திரத்தில் பிறந்த தீர்ப்பு, ஆராய்ச்சியில் பிறந்ததன்று.

திருவண்ணாமலையில் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் மலையைச் சுற்றிவரும் ஊர் இது. இங்கே வகுப்பறையில் நீறு பூசிய நெற்றியும் உண்டு. தொழுகைக்குச் செல்லும் பிள்ளையும் உண்டு. சிலுவை அணிந்த கழுத்தும் உண்டு. எதனையும் ஏற்காத இளைஞனும் உண்டு. தேர்வுத் தாளைத் திறக்குமுன் ஒரு மாணவி கண்மூடி ஏதோ முணுமுணுக்கிறாள். அதனால் எவர் படிப்பும் கெடவில்லை. எவரையும் அவள் இழுக்கவில்லை. அவளைத் தடுக்க ஆசிரியருக்கு ஏது உரிமை?

ஆனால் அதே ஆசிரியர் மேடையேறி, "எல்லோரும் கைகூப்புங்கள்!" என்றால்? அங்கே பேசுவது பக்தியன்று, பதவி! மதிப்பெண் இடும் கை வணங்கச் சொல்லும்போது, வேண்டுகோளும் கட்டளையாகிவிடும்.

இந்த வேறுபாட்டை நம் அரசியல் சட்டம் உணர்ந்திருக்கிறது. முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயபோதனை கூடாது என்கிறது அதன் 28-வது பிரிவு. அரசின் ஏற்போ உதவியோ பெற்ற பிற பள்ளிகளிலும், சம்மதமின்றி எவரையும் வழிபாட்டில் பங்குகொள்ளச் செய்தல் ஆகாது. சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். 25-வது பிரிவோ ஒவ்வொருவர் மனச்சாட்சிக்கும் உரிமை வழங்குகிறது.

1962-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நியூயார்க் மாநில அதிகாரிகள் இயற்றிய 22 சொற்கள் கொண்ட பள்ளிப் பிரார்த்தனையைச் செல்லாது என்றது. தடுக்கப்பட்டது அரசின் பிரார்த்தனை. மாணவனின் மௌன வேண்டுதலன்று. 1985-இல் கேரளத்தில், நாட்டுப்பண்ணின்போது மரியாதையுடன் எழுந்து நின்றும், தம் மதநம்பிக்கை காரணமாகப் பாடாதிருந்த மூன்று குழந்தைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986-இல் நம் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்கச் சொன்னது. வாய் திறக்கவும் உரிமை; வாய் மூடவும் உரிமை!

"நமக்கு நம்பிக்கையில்லாத ஒன்றுக்காக நாம் ஏன் வாதாட வேண்டும்?" என்பீர்கள். கடவுளை மறுத்த பெரியார், அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக வேண்டும் என முழங்கியது ஏன்? பூசையில் பற்றுக்கொண்டா? இல்லை; மனிதனுக்கு மறுக்கப்பட்ட உரிமையில் பற்றுக்கொண்டு! நம் மாவட்டத்துத் தென்முடியனூரில், 2023 ஜனவரி 30 அன்றுதான், காவல்துறைப் பாதுகாப்புடன் ஆதிதிராவிட மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். அன்று, "கோயிலே வேண்டாம், நுழைவு எதற்கு?" என்று கூறியிருந்தால், நாம் நின்றிருப்பது எவர் பக்கம்? ஆதிக்கத்தின் பக்கமன்றோ!

"குழந்தைக்கு ஏது சொந்த நம்பிக்கை? வீட்டில் ஊட்டியதுதானே?" எனலாம். உண்மை. ஆனால் ஊட்டியதைப் பிடுங்குவது கல்வியன்று. ஆராயக் கற்பிப்பதே கல்வி. பிரம்புக்கு அஞ்சிப் பிரிந்த கைகள், பிரம்பு மறைந்ததும் மீண்டும் கூடும். கேள்வியால் தெளிந்த உள்ளம் அப்படித் திரும்பாது.

நம் எதிர்ப்பு எங்கே பாயவேண்டும்? 2024-இல் சென்னை அசோக்நகர் அரசு மகளிர் பள்ளி மேடையில், முற்பிறவிப் பாவமே உடற்குறைக்குக் காரணம் என்ற பேச்சு ஒலித்தது. பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து மறுத்தார். அரசின் மேடையில் மூடநம்பிக்கை ஏறினால் எழுந்து நிற்பது நம் கடமை. மூலையில் கண்மூடி நிற்கும் சிறுமியை அதட்டுவது நம் கடமையன்று.

தோழர்களே! பள்ளி பிரார்த்திக்க வேண்டாம். மாணவன் பிரார்த்திக்கட்டும், அல்லது மறுக்கட்டும். அவனுக்கு நாம் தரவேண்டியது ஒன்றே: அஞ்சாமல் கேட்கும் துணிவு!