தோற்ற கதையையும் சொல்லுங்கள்

பந்தயத்தில் தோற்று வரும் தம்பியிடம் நாம் என்ன சொல்கிறோம்? "பரவாயில்லப்பா, அடுத்த தடவை பாத்துக்கலாம்." அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் அவன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்பதில்லை.

இன்று முன்னணி விளையாட்டாளர்கள் மாணவர்களைச் சந்தித்து வழிகாட்டுகிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் அவர்கள் எதைப் பேச வேண்டும்? வென்ற பதக்கங்களை மட்டுமா?

சிங்கப்பூர் ஓட்டக்காரர் சாந்தி பெரேராவைப் பாருங்கள். 2015 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். அதே தங்கம் மறுபடியும் கைக்கு வந்தது 2023இல்தான். அதே ஆண்டு ஆசிய விளையாட்டுகளிலும் 200 மீட்டரில் தங்கம். திடல்தடப் போட்டிகளில் 49 ஆண்டுகளுக்குப் பிறகு சிங்கப்பூருக்குக் கிடைத்த ஆசியத் தங்கம் அது. நடுவில் கடந்த அந்த எட்டு ஆண்டுகளைப் பற்றித்தான் மாணவர்கள் கேட்க வேண்டும்.

'கீதை என்ன சொல்லுது? பலனை எதிர்பார்க்காதே!' என்று சொல்லிப் பிள்ளைகளின் வாயை அடைத்துவிடுகிறோம். ஆனால் அதே கீதையில் முதலில் வருவது அர்ஜுனனின் கலக்கம். உடம்பு நடுங்குது, கையிலிருந்து வில் நழுவுது என்று மாவீரனே மனம் திறந்து சொல்கிறான். கண்ணன் கேட்டுக்கொள்கிறான், உபதேசம் அப்புறம்தான். அந்த முதல் அத்தியாயத்தின் பெயரே அர்ஜுன விஷாத யோகம். கலக்கத்தையும் யோகம் என்றே நம் முன்னோர் அழைத்தார்கள்.

மனவுறுதி உள்ளவனும் அழுவான். நம்பிக்கையானவரிடம் மனசைக் கொட்டிவிட்டு, மறுநாள் திடலுக்குப் போவான்.

அண்ணன்மாரே, அக்காமாரே, அடுத்த முறை முதலில் கேளுங்கள். அறிவுரை கொஞ்சம் காத்திருக்கட்டும்.