வாக்கும் அவகாசமும்

கொடுத்த வாக்கைக் காப்பது கடமை என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் வாக்கைக் கேட்டு வாங்குகிறவருக்கும் ஒரு கடமை உண்டு என்பதை நாம் அத்துணை எளிதாக நினைத்துப் பார்ப்பதில்லை. சிந்திக்க நேரம் தராமல் ஒருவரிடமிருந்து 'சம்மதம்' என்னும் சொல்லைப் பறித்துக்கொண்டு, பின்னர் அச்சொல்லைக் காட்டியே அவரைக் கட்டிவைப்பது நியாயமாகுமா? அமெரிக்க மருத்துவ உலகம் இக்கேள்வியை இருமுறை எதிர்கொண்டது. அந்த வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

1940களின் தொடக்கத்தில் அந்நாட்டு மருத்துவமனைகள், நல்ல மாணவர்களைப் பிறருக்கு முன்னால் பிடித்துவிட வேண்டும் என்று போட்டியிட்டன. படிப்பு முடிய ஏறத்தாழ ஈராண்டுகள் இருக்கும்போதே பயிற்சி இடங்கள் பேசி முடிக்கப்பட்டன. இதைத் தடுக்க எண்ணிய கல்லூரிகள், குறித்த நாளுக்கு முன்னர் மாணவர்களைப் பற்றிய விவரங்களை வெளியிடுவதில்லை என்று முடிவு செய்தன. அந்தக் கேடு நின்றது, வேறொன்று முளைத்தது. அழைப்புக்கு விடை கூற 1945இல் பத்து நாள் அவகாசம் இருந்தது. அது ஆண்டுதோறும் சுருங்கியது. 1949இல் பன்னிரண்டு மணி நேரம்கூட மிக அதிகம் என்று மருத்துவமனைகள் மறுத்துவிட்டன! கையில் ஒரு தந்தி. விரும்பிய இடத்திலிருந்து இன்னொரு தந்தி வருமோ வராதோ என்ற தவிப்பு. இத்தகைய நேரத்தில் வாயிலிருந்து வரும் சம்மதம், மனத்தின் சம்மதமாகுமா?

இதற்குத் தீர்வாக 1952இல் நாடு முழுமைக்குமான பொதுப் பொருத்துமுறை நடைமுறைக்கு வந்தது. மாணவர் தாம் விரும்பும் இடங்களை வரிசைப்படுத்தி எழுதுவார்; மருத்துவமனைகளும் தாம் விரும்பும் மாணவர்களை வரிசைப்படுத்தும். 1998 முதல் மாணவரின் விருப்பமே கணக்கின் தொடக்கமாக வைக்கப்படுகிறது. அவருடைய முதல் விருப்பம் முதலில் பார்க்கப்படும். அந்த மருத்துவமனை அவரை ஏற்றாலும் உடனே உறுதி செய்வதில்லை; தற்காலிகமாகவே வைத்துக்கொள்ளும். அதனினும் விரும்பத்தக்க மற்றொருவர் வந்தால், முன்னவர் தம் அடுத்த விருப்பத்துக்குச் செல்வார். எல்லாரும் பார்க்கப்பட்ட பின்னரே முடிவு. இம்முறையில் மாணவர் தம் உண்மையான விருப்பத்தை எழுதினால் நட்டம் அடைவதில்லை. உண்மை சொல்பவருக்கு இழப்பு நேராத ஏற்பாடு உலகில் அரிதன்றோ?

மேற்சிறப்புப் பயிற்சிக்கு வருவோம். இரைப்பை குடல் மருத்துவத் துறை 1986 முதல் பொருத்துமுறையைக் கையாண்டது. 1996இல் அத்துறையின் பயிற்சிக் காலம் இரண்டாண்டிலிருந்து மூன்றாண்டானது, இடங்கள் குறைக்கப்பட்டன, விண்ணப்பித்தோரோ அதைவிடக் குறைந்தனர். இடம் காலியாகிவிடுமோ என்று அஞ்சிய பயிற்சி நிலையங்கள், பொருத்தத்துக்கு முன்னரே ஆள் சேர்க்கத் தொடங்கின. ஒருவர் முந்தினார், அடுத்தவர் அவரையும் முந்தினார். சில ஆண்டுகளில் அம்முறையே கைவிடப்பட்டது. அதன்பின் தூரத்து மாணவர்களைத் தேடுவது குறைந்து, தம் மருத்துவமனையிலேயே பயின்றவர்களைச் சேர்த்துக்கொள்வது மிகுந்தது என்பதை ஆய்வாளர்கள் கண்டனர்.

பழைய முறைக்குத் திரும்பப் பலருக்கும் விருப்பம் இருந்தது. ஆனால் 'நாம் காத்திருக்கும்போது மற்றவர் முந்திக்கொண்டால் என்ன செய்வது?' என்ற ஐயம் தடுத்தது. இதை ஆராய்ந்தவர்கள் பொருளியல் அறிஞர்களான மியூரியல் நீடர்லேயும் ஆல்வின் ராத்தும் ஆவர். பின்னவர் 2012இல் நோபல் பரிசு பெற்றவர். துறையின் அமைப்புகள் ஒரு விதியை ஏற்றன: பொருத்தத்துக்கு முன்னர் அழைப்பை ஏற்றுக்கொண்ட மாணவர், மனம் மாறினால் அதை விடுத்துப் பொருத்தத்தில் கலந்துகொள்ளலாம். முன்கூட்டி அழைப்பதை யாரும் தடை செய்யவில்லை. அவ்வழைப்பால் கிடைத்துவந்த ஆதாயம் மட்டும் அற்றுப்போயிற்று. 2006இல் பொருத்துமுறை மீண்டும் உயிர்பெற்றது.

இங்கேதான் அறம் பற்றிய கேள்வி எழுகிறது. வாக்கு மீறலை விதியாகவே எழுதிவைப்பதா? மருத்துவராக வேண்டியவருக்கு முதல் பாடமே சொல் தவறுவதா?

நாம் அப்படிக் கருதவில்லை. விதி வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. முன்கூட்டி அழைப்பவர், தமக்குக் கிடைக்கும் சம்மதம் முடிவானதன்று என்பதை அறிந்தே அழைக்கிறார். அறிந்த பின்னர் ஏமாந்தேன் என்று சொல்ல அவருக்கு இடமில்லை. மேலும், பொருத்தத்தின் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே அவ்விதி வாக்கை அழிக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்துத் தெளிந்த பின்னர் கொடுக்கத் தக்க இடத்துக்கு அதை நகர்த்தியது. மறைவாக ஒரு சொல் கொடுத்துவிட்டு மறைவாகவே நழுவுவது வேறு. அதற்கு இவ்விதி துணை நிற்காது.

ஆயினும் பொருத்துமுறை எல்லா அநீதியையும் நீக்கிவிட்டது என்று எண்ணிவிடலாகாது. வரிசையைப் பொருத்துவது கணக்கு. வரிசையை எழுதுவது மனிதர். பரிந்துரைக் கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்து ஒருவரை மேலேற்றுவதும், பழக்கமில்லாத கல்லூரியின் பெயரைக் கண்டு ஒருவரைக் கீழிறக்குவதும் அவர் கையில்தான் இருக்கின்றன. சாய்ந்த பட்டியலையும் கணக்கு நேர்மையாகவே பொருத்தித் தரும்! தேர்வுக் குழுவில் அமர்கிறவர் கையிலிருப்பது அவருடைய சொந்தப் பொருளன்று. நாளை அம்மருத்துவரின் கைக்கு வரப்போகும் நோயாளிகளின் அமானிதம். அதைக் காக்கும் பொறுப்பை எந்தக் கணக்கும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

எனினும் ஒன்றை அவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அவசரப்படுத்துகிறவர் மனிதரைத் தேர்ந்தெடுப்பதில்லை. மனிதரின் அச்சத்தைத் தேர்ந்தெடுக்கிறார். வாக்கைக் காக்கும்படி பிறரிடம் சொல்லும் உரிமை, அவ்வாக்கைக் கொடுக்க அவருக்குப் போதிய அவகாசம் தந்தவருக்கே உண்டு.