கல்லாச் சாவி யாரிடம்?



சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சிறுநீரகம் செயலிழப்பதற்கு முதற்காரணம் நீரிழிவே. இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்துக்கொள்வோர் பெரும்பாலும் வாரம் 3 முறை, முறைக்குச் சுமார் 4 மணி நேரம் படுத்திருக்க வேண்டும். உடனே நாம் கல்லாச் சாவியை வாங்கிக்கொண்டு, “அத்தா, நீங்கள் ஓய்வெடுங்கள்” என்கிறோம். இது அன்புதானா?

வியாபாரிகளாகிய நாம் கணக்குப் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி நேரம். இயந்திரம் எடுப்பது 12. களைப்புக்கும் போக்குவரத்துக்கும் இன்னும் பல மணி கழித்தாலும் மிச்சம் சிறிதன்று. அந்த மிச்சத்தைப் பறிப்பவர் நாமே.

உப்பையும் தண்ணீரையும் மருத்துவர் சொன்னபடி அளந்து கொடுப்பது நம் கடமை. மரியாதையை அளந்து கொடுக்க எந்த மருத்துவர் சொன்னார்? உடல் இடங்கொடுக்கும் நாளில் அவர் கடையில் அமரட்டும். கொள்முதலுக்கு அவர் யோசனையைக் கேட்போம். சாவியை அவரிடமே திருப்பிக் கொடுப்போம்.